முகம் காட்டாத சனிக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம் செந்திரு குக்கரை இறக்கி வைத்துவிட்டு, கடலில் உப்பு சரியாக இருக்கிறதா என்று விரல் தொட்டுப் பார்த்தாள். ஒரு சிட்டிகை குறைந்தது. போட்டாள். வடக்கு மூலையில் ஓர் எரிமலை புகைந்துகொண்டிருந்தது. அதை ஈரத்துணியால் ஒற்றி அணைத்தாள்.

அவளுடைய உலகம் மிக்ஸிக்குப் பக்கத்தில், வெயில்விளக்கின் கீழே இருந்தது. நல்ல தர்பூசணி அளவு. செவ்வாய்க் கிரகத்தின் நிலவறைக் குடியிருப்புகளில் இப்படி வீட்டுக்கு வீடு ஒன்று உண்டு. காற்றை அளந்து விடுகிற ஊரில் நினைத்தபோதெல்லாம் பிள்ளை பெற்றுக்கொள்ள முடியாது. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் தம்பதிகளின் மனம் வறண்டு போகாமலிருக்க, வளருலகக் கழகம் ஆளுக்கொரு விதையுலகைக் கொடுத்தது. மண்ணைப் பிசைந்து, உயிர்த்தூள் தூவி, மனிதர்களை முளைக்கவைத்து, பேச்சும் சொல்லிக் கொடுத்து வளர்க்க வேண்டியது. ‘எங்க ஆளுங்க சக்கரம் கண்டுபிடிச்சுட்டாங்க’ என்று ஒருத்தி லிஃப்டில் பீற்றிக்கொள்வதும், ‘உங்க வீட்ல இன்னுமா பச்சைக் கறி திங்கறாங்க?’ என்று இன்னொருத்தி அக்கறையாக விசாரிப்பதும் அங்கே சகஜம். காற்றுக்குத்தான் பஞ்சம், பெருமைக்கு என்ன குறைச்சல்!

ஒரே சிக்கல், காலம். இங்கே ஒரு வாரம் ஓடினால் அங்கே ஓர் ஆயுளே முடிந்துவிடும். அதற்காகத்தான் வாரம் ஒருமுறை முகங்காட்டல். காலத்திருகு என்ற குமிழை மெல்லத் திருப்பினால் அந்த உலகத்தின் நேரம் நம் நேரத்துக்கு இறங்கி வரும். பெற்றவள் வானத்தில் முகம் காட்டிச் சிரிப்பாள். அங்கே பிறந்தவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்ப்பார்கள். பசி, நோய், சாவு எல்லாவற்றையும் பிறகு அந்த ஒரு தடவையை வைத்துத்தான் தாங்குவார்கள். முகம் காட்டலாம், பேசலாம். எதற்கும் காரணம் மட்டும் சொல்லக்கூடாது என்பது கழகத்தின் விதி. ஏன் அப்படியொரு விதி என்று செந்திரு யோசித்ததில்லை.

போன சனிக்கிழமை அவள் முகம் காட்டவில்லை.

பூமி அலுவலகத்தோடு மீட்டிங். எதைப் பற்றி என்றால், அடுத்த மீட்டிங்கை எப்போது வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி. ஒரு கேள்வி பூமிக்குப் போய்ப் பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். கணவன் அழகப்பன் சுரங்கத்துக்குப் போயிருந்தான். இவள் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே, நடுவில் ஒரு தடவை சமையலறைப் பக்கம் திரும்பினாள். எழுந்து போயிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. அதுதான் வாரம் முழுக்க அவளை அரித்தது.

“அதையே நெனச்சுட்டு இருக்காத திரு. ஒரு வாரந்தானே?” என்றான் அழகப்பன்.

“நமக்குத்தாங்க ஒரு வாரம்” என்று சொல்லிவிட்டுத் திருகைத் திருப்பினாள்.

வயலெல்லாம் தரிசு. மலையுச்சியில் ஊரே கூடியிருந்தது, எலும்பும் தோலுமாக. வானத்தில் முகம் தெரிந்ததும் ஆரவாரம் எழவில்லை. எல்லோரும் நடுங்கிப்போய்த் தரையில் விழுந்தார்கள். ஒரு கிழவி மட்டும் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். போன சனிக்கிழமை அவள் சின்னப் பெண். மற்றப் பிள்ளைகளோடு மலையேறிக் காத்திருந்துவிட்டு, இருட்டியபின் அழுதுகொண்டே இறங்கிப் போனவள்.

“அம்மா, நான்தான்” என்றாள் கிழவி. “என்னாலதான் நீங்க வரல. மலை ஏறறப்போ காலு வலிச்சுது. ‘அம்மா வராட்டிப் போகட்டும், வீட்டுக்குப் போலாம்’னு சொல்லிட்டேன். அது உங்க காதுல விழுந்துருச்சு. பயத்துல யாருகிட்டயும் சொல்லல. யாரு செஞ்ச பாவமோன்னு அன்னிலேர்ந்து ஊரே விதைக்காம விரதம்னு பட்டினி கெடக்குது. பச்சப் புள்ளைங்ககூட அரை வயிறுதான்.”

கண்ணீர் விழுந்தால் அங்கே வெள்ளம் வந்துவிடும் என்று செந்திரு முந்தானையை இழுத்துக் கண்ணில் அழுத்திக்கொண்டாள்.

“காரணம் சொல்லக் கூடாது” என்று அழகப்பன் கிசுகிசுத்தான். “விதி இருக்கு.”

“விதியாவது ஒண்ணாவது!” என்று அவள் குனிந்தாள். “நீ ஒரு தப்பும் பண்ணலடி கண்ணு. யாருமே பண்ணல. எனக்கு மீட்டிங் இருந்துச்சு. அதான் வர முடியல.”

கிழவி விழித்தாள். “மீட்டிங்னா யாரும்மா?”

“அது... வந்துட்டா விட்டுட்டு எந்திரிக்க முடியாதுடி.”

“உங்களாலயுமா?”

எழுந்திருக்கலாம், நான்தான் எழுந்திருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கிழட்டு முகம் அவளை நம்பிக்கையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. “என்னாலயும்தான்” என்றாள். சொன்னதுமே தன்மேல் அவளுக்கு வெறுப்பாக வந்தது.

ஆயுள் முழுக்கச் சுமந்ததை இறக்கிவைத்தவளாகக் கிழவி பெருமூச்சு விட்டாள். சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, “சாப்பிடுங்கப்பா. நம்ம தப்பு ஒண்ணுமில்லயாம்” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை செந்திரு லீவு போட்டாள். மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு திருகைத் திருப்பினாள்.

வயல்கள் விளைந்து கிடந்தன. தெருக்கள், பாலங்கள், மாடி வீடுகள். “பாருங்க, தேறிட்டாங்க!” என்று கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மலையுச்சியில்தான் ஒருவரும் இல்லை. ஊருக்குள் தேடினாள். எங்கு பார்த்தாலும் பெரிய பெரிய மண்டபங்கள். உள்ளே சிலை எதுவும் கிடையாது. நீளமான மேசை, அதைச் சுற்றி ஆண்களும் பெண்களும். ஒருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். படைத்தவளையே உட்காரவைத்த சாமி எவ்வளவு பெரிய சாமி! அதைக் கும்பிடுவது என்றால் உட்கார்ந்துதானே கும்பிட வேண்டும்?

மண்டபத்து வாசல்களில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு பெண்குழந்தை அண்ணாந்து பார்த்தது. பயப்படவில்லை.

“கண்ணு, அம்மா வந்திருக்கேன்னு உள்ள போய்ச் சொல்லுடி. இன்னிக்கு எனக்கு வேற வேலையே இல்ல.”

குழந்தை கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஏதோ சொன்னது. உள்ளிருந்த பெண் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். குழந்தை சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தது. நன்றாகப் பழகியிருந்தது.

“எங்கம்மா மீட்டிங்ல இருக்காங்க. எல்லாரு அம்மாவும் அங்கதான். இப்பக் கூப்பிடக் கூடாது.”

“எப்ப முடியும்?”

“தெரியாது.”

“திரு, திருகு சூடாயிடுச்சு. ரொம்ப நேரம் தாங்காது” என்றான் அழகப்பன். விட்டுவிட்டால் காலம் பறந்துவிடும். அடுத்த சனிக்கிழமை இந்தக் குழந்தையும் கிழவியாகியிருக்கும். செந்திரு திருகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். படியில் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டது.

“வேணும்னா பேரச் சொல்லிட்டுப் போங்க” என்றது. “அம்மா வெளிய வந்தா, யாரு வந்தாங்கன்னு சொல்லட்டும்?”