குன்வோர் எடுக்காத மூச்சு

மூன்றாவது சரணத்தில் குன்வோர் மூச்சு எடுக்கவில்லை.

தோர்மோத் கண்ணைத் திறந்தார். நவம்பர் மாதத்துப் பிற்பகல். அதற்குள் வெளியே நன்றாக இருட்டியிருந்தது. மியோசா ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரப்பனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. அறையில் ஆம்ப்ளிஃபயரின் சின்னப் பச்சை விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பாட்டு கேட்க உட்காரும் முன் அவர் விறகடுப்பை அணைய விட்டுவிடுவார், கட்டை வெடிக்கும் சத்தம் குறுக்கே வரக்கூடாது என்று. சமையலறை ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுவார். பால் கெட்டால் கெடட்டும். அப்படித் துடைத்து வைத்த அமைதியில், குளிருக்குக் கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு, இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கும் நேர் எதிரே நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

குன்வோர் பாடிய அந்த மாலைப் பாடலின் ஒவ்வொரு இழையும் அவருக்கு அத்துப்படி. மூன்றாவது சரணத்தில் இரண்டாவது அடி முடிந்ததும் அவள் மூச்சு எடுப்பாள். நாக்கு மேலண்ணத்திலிருந்து விடுபடும் மெல்லிய ஒலி, பிறகு மூக்கின் வழியே காற்று, பிறகு பாட்டு. உண்மையைச் சொன்னால், பாட்டை விட அந்த மூச்சுக்காகத்தான் அவர் தினமும் உட்கார்ந்தார். பாட்டு ஊருக்கே பாடியது. மூச்சு இந்த வீட்டில் முப்பது வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்டது.

பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பழைய மரத் தேவாலயத்தில் எடுத்த பதிவு அது. நண்பன் எய்வின் ஒலிப்பதிவு செய்பவன். குன்வோரைத் தனியாக நிறுத்தி, இரண்டே மைக் வைத்து, மிக உயர்ந்த தெளிவில் பதிந்து, வேண்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் டிஸ்க் போட்டுக் கொடுத்தான். தோர்மோத் இருமுவார் என்று அவரை அன்று காரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் குன்வோர் இறந்துபோனாள். டிஸ்க்கிலிருந்த பாட்டை அவர் நிலவறைக் கணினியில் பிரதி எடுத்து வைத்தார். அங்கிருந்து சுவருக்குள் ஓடும் கம்பி வழியே அது கூடத்துக்கும் சமையலறைக்கும் வரும். அவளுடைய குரல் என்று அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வேறு யாராக இருந்தாலும் பயந்து போயிருப்பார்கள். தோர்மோத் கேபிளை மாற்றினார்.

கேபிளில் கோளாறு இல்லை. டிஸ்க்கையே எடுத்து பிளேயரில் போட்டுப் பார்த்தார். அதில் மூச்சு இருந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆக, பிரதியில்தான் பழுது. பழையதை அழித்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்து, மறுநாள் நாற்காலியில் சாய்ந்தார்.

இந்த முறை அவள் இரண்டாவது சரணத்திலேயே மூச்சைத் தவறவிட்டாள். அடி முடிகிற இடத்தில் நிற்காமல், அடுத்த அடிக்குள் இழுத்துக்கொண்டே போனாள். குரல் மெலிந்து, நூலாகி, கடைசியில் வேறு வழியில்லாமல் சட்டென்று ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள், எங்கோ பின்னால், ஒரு பலகை கிறீச்சிட்டது.

மரத் தேவாலயம்தானே, மரம் பேசத்தான் செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்தப் பலகை இதற்கு முன் ஒருநாளும் பேசியதில்லை. இயந்திரங்களோடு வாழ்கிறவர்களின் கிறுக்கு அவருக்கும் இருந்தது: தெளிவாகக் கேட்காத எதையும் இன்னும் தெளிவாகக் கேட்டுவிட்டால் சரியாகிவிடும். பாட்டை நிறுத்தினார். நிலவறையிலிருந்து பாட்டைக் கடத்தும் நெட்வொர்க் பெட்டிக்கு இரைச்சல் இல்லாத தனி மின்சாரம் கொடுத்தார். போட்டார். கிறீச்சு இன்னும் தெளிந்தது. நிறுத்தினார். நிலவறைக்குப் போய்க் கணினியின் விசிறியைக் கழற்றினார். போட்டார். இப்போது அது கிறீச்சு இல்லை. ஒரு பாதம் பலகையில் அழுந்தி, ஒட்டி, மெதுவாகப் பிரியும் சத்தம். வெறும் பாதம். வலது பின்புறம், தேவாலயத்தின் வாசல் கதவருகே. என்ன ஆழம், என்ன துல்லியம் என்று முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. பயம் அதற்குப் பிறகே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எய்வின் வந்தான். கையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும்.

"ஃப்ரிட்ஜ அணைச்சு வச்சிருப்பியே. உன் வீட்டுப் பால் ஊத்தி எனக்குக் காபி வேணாம்ப்பா, கறுப்பாவே குடு."

"நடு நாற்காலில நீ உக்காரு."

"என்னைக்கும் இல்லாத மரியாதையா இருக்கே! யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டியேடா. என்ன விஷயம்?"

"கேளு. அப்புறம் சொல்றேன்."

தோர்மோத் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. ஒலிக்கிறுக்கர்களான இவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: பாட்டு முடிந்ததும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதிவுக்குள் இருக்கும் கட்டடத்தின் எதிரொலி அடங்கி, அந்த இடம் தானாக மௌனமாகும் வரை காத்திருப்பார்கள். அன்றும் காத்திருந்தார்கள். எதிரொலி அடங்கியது. எய்வின் அசையவில்லை. அவன் பிடரி மட்டும் பச்சை வெளிச்சத்தில் தெரிந்தது.

"எய்வின்? முடிஞ்சிடுச்சு."

"உஷ். அவ முடிச்சிட்டா. அது இன்னும் நிக்கல."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. எய்வின் கையை நீட்டி ரிமோட்டை எடுத்துத் தானே நிறுத்தினான். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"யார்டா அது?"

"அத உன்கிட்ட கேக்கத்தான் வரச் சொன்னேன்."

"டூரிஸ்ட் யாராவது நுழைஞ்சிடப் போறாங்கன்னு கதவ உள்ள தாழ் போட்டிருந்தேன். நான் ஒருத்தன், அவ ஒருத்தி. வேற ஈ காக்கா கிடையாது."

"உன்கிட்ட மூலப் பதிவு இருக்குல்ல?"

"இருக்கு. போய் போட்டுப் பாக்கறேன். அது வரைக்கும் நீ இதத் தொடாத."

"ஏன்?"

"ஏனா? அவ பயப்படறாடா. கேக்கல உனக்கு?"

அவருக்குக் கேட்டிருக்கவில்லை. பாதம் எங்கே விழுகிறது, எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதையெல்லாம் அளந்தவர், மனைவியின் குரலைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எய்வின் வாஃபிளைத் தொடாமலே கிளம்பிப் போனான்.

தொடாமல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அன்று காரில் உட்கார்ந்துவிட்டோம், இன்றாவது அது யாரென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எந்த அறையும் பாட்டின் மேல் தன் சத்தத்தைப் பூசிவிடும். அதை அளந்து கழித்துவிட்டால் பதிவான இடம் மட்டும் மிஞ்சும். நடு நாற்காலியில் ஒலியை அளக்கும் மைக்கை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். உள்ளே ஸ்பீக்கர்கள் அடிவயிற்று உறுமலில் தொடங்கி, மேலே மேலே ஏறி, காதுக்கு எட்டாத கூர்மையில் மறைந்தன. மறுபடி. மறுபடி. கணினி கணக்குப் போட்டு முடித்தது. மைக்கை அகற்றிவிட்டு உட்கார்ந்து, டேப்லெட்டில் தொட்டார்.

அறை இல்லாமல் போனது.

சுவர், ஜன்னல், புத்தக அலமாரி எதுவும் இல்லை. தார் பூசிய மரமும் அணைந்த மெழுகும் மணப்பது போலிருந்தது. உயரக் கூரை. குளிர். நடுவில் குன்வோர். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே, தரையிலிருந்து அவள் உயரத்தில், அவள் வாய் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டிவிடலாம். முதல் அடியில் உதடு பிரியும் ஈரம்கூடக் கேட்டது. அவர் அழுதார். எழுந்து நாலு எட்டு வைத்தால் தோளைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முழுதாகச் சந்தோஷமாக இருந்தார்.

முதல் சரணம் முடிந்தது. அவள் மூச்சு எடுத்தாள்.

ஒரு பாதம்.

அவள் பாடினாள். பாதம் நின்றது. அவள் பாடும்வரை அது நின்றுகொண்டே இருந்தது. அடுத்த மூச்சு. அடுத்த பாதம், பெஞ்சு வரிசைகளின் நடுவே. அவள் தலையைத் திருப்பினாள்; குரல் ஒரு நொடி பக்கவாட்டில் போய்த் திரும்பியதில் அது தெரிந்தது. அடுத்த அடியை அவசரமாகப் பிடித்தாள். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பாடினாள். தாண்டி, இன்னும் தாண்டி.

பயத்தில் அவர் விரல் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டது.

அமைதி. ஏரிப் பக்கத்தில் காற்று. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்கு விளங்கியது. அவள் பாடாத நேரத்தில் அது நடக்கிறது. அவள் மூச்சு எடுக்கும் இடைவெளி, அதற்கு ஒரு எட்டு. அப்படியானால் கேபிள் மாற்ற நிறுத்தியது? நிலவறைக்குப் போய்வந்த நேரம்? அவர் தூங்கிய இரவுகள்?

இப்போது?

மறுபடி டேப்லெட்டைத் தொட்டார். பாட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. மூன்றாவது சரணத்தில், நடு அடியில், ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நேர் பின்னால் இருந்தது.

டிஸ்க்கைப் போடலாம். ஆனால் போட வேண்டுமென்றால் இதை நிறுத்த வேண்டும். கூடத்தில் ஓடுவதை நிறுத்தாமலே சமையலறைக்கு ஓடினார். அங்கே அலமாரி மேலிருக்கும் சின்ன ஸ்பீக்கரிலும் இதே பாட்டை ஓட விட்டார். அதில் குன்வோர் மட்டும்தான் கேட்டாள். பாதமில்லை, பின்னால் யாருமில்லை. ஒரு கணம் அங்கேயே இருந்துவிடலாமா என்று ஆசையாக இருந்தது. ஆனால் காதில் விழாததால் இல்லை என்று ஆகிவிடாது. அந்த நம்பிக்கையில்தானே வீடு நிறைய இத்தனை பெட்டிகளை வாங்கி அடுக்கினார். கூடத்துக்குத் திரும்பி வந்தார்.

போன் அதிர்ந்தது. எய்வின்.

"தோர்மோத், மூலப் பதிவ இப்பத்தான் போட்டேன்."

"சொல்லு." கிசுகிசுத்தார்.

"வெறும் தேவாலயம்தான் கேக்குது. கூரைல காத்து கேக்குது. அவ இல்லடா. பாட்டே இல்ல."

"டிஸ்க்கு?"

"என்கிட்ட இருந்த டிஸ்க்கையும் போட்டேன். அதுலயும் அவ இல்ல. எதுலயும் இல்ல. பின்னாடி என்னடா சத்தம்? நீ... நீ ஓட விட்டிருக்கியா?"

"அவ இங்க இருக்கா."

"நிறுத்துடா! கடவுளே, நிறுத்தித் தொலைடா!"

"நிறுத்தினா அவ அதோட தனியா இருப்பா, எய்வின்."

போனைக் கம்பளிமேல் கவிழ்த்து வைத்தார்.

கடைசி அடி. கடைசிச் சொல். அதன் கடைசிச் சுரத்தை அவள் விடவில்லை. பிடித்துக்கொண்டிருந்தாள். எந்த நெஞ்சும் தாங்காத நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். டேப்லெட்டில் பாட்டின் நீளம் எப்போதோ முடிந்துவிட்டது. கோடு கடைசிப் புள்ளியில் நின்றது. சுரம் நிற்கவில்லை.

வாய் இருந்த இடம் இறங்கியது.

மெதுவாக. நெஞ்சுயரம். இடுப்புயரம். முழங்கால் ஊன்றுகிற சத்தம் பலகையில். இன்னும் கீழே. யாரோ தோளில் கைவைத்து அமுக்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக. குரல் இப்போது தரையிலிருந்து வந்தது. கன்னம் பலகையில் அழுந்தியவள் குரல். ஒரு பக்கமாய் நசுங்கியது.

"விட்டுடாத," என்றார் தோர்மோத். "குன்வோர். விட்டுடாதம்மா. நான் இருக்கேன்."

சுரம் மெலிந்தது. நூல். நூலில் பாதி.

அதற்கு மேலே, அவள் நின்ற இடத்தில், நிற்கும் மனிதனின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிக உயரத்தில், ஒரு வாய் ஈரமாகத் திறந்தது. உள்ளே காற்று போனது. நிதானமாக. நிறைய. அதற்கு அவசரமே இல்லை.

தரையில் குன்வோர் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.