நடுப் பலகை

உப்புக் கிண்ணம் மேஜையின் அந்தக் கோடியில் இருந்தது. உப்புக் கேட்டவன் இந்தக் கோடியில் இருந்தான். நடுவே பதினாறு அடி மகோகனி.

அந்த வீட்டுப் பெரியவர் தன் கம்பெனியை மூடியபோது, இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கூட்டம் போட்ட நடுவில் பலகைகள் செருகி நீட்டிய அந்த இங்கிலீஷ் பாணி மேஜையை மட்டும் விற்க மனமில்லாமல் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார். அவர் காலமான பிறகு, அவருடைய நாற்காலியில் யார் உட்காருவது என்று அவர் பிள்ளைகள், அண்ணனுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. மூன்று வருஷமாக ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து, முகம் கொடுத்துப் பேசாமல் சாப்பிடுகிறார்கள். நடுவில் தூது போவது மூத்தவன் மனைவி. மேஜை முனையில் இடித்து இடித்து அவள் இடுப்பில் நீலம் பாரித்தது மறையவே இல்லை.

அன்று காலையும் கணவன் ஆரம்பித்தான். குளியலறையை ஒரு மணி நேரம் அடைத்துக்கொள்ள அது என்ன அவன் வாங்கிப் போட்ட இடமா என்று தம்பியிடம் கேட்கச் சொன்னான். அவள் பதினாறு அடி நடந்து, "அண்ணனுக்கு இன்னிக்குச் சீக்கிரம் கிளம்பணுமாம், தம்பி" என்றாள்.

கொழுந்தன் தட்டைத் தள்ளினான். "எல்லாம் உங்களாலதான் அண்ணி. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு சொல்லி மூட்டி விடுறீங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தபடி, "அவன் சொல்றதுலயும் தப்பில்ல..." என்று முனகினான்.

மூன்று வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்து, மேஜையை நீட்டிச் சுருக்கும் இரும்புக் கைப்பிடியை எடுத்து வந்து, கணவனை எழுப்பிவிட்டு, மேஜையின் அடியில் சொருகிச் சுற்றினாள். மேஜை முனகிக்கொண்டே நடுவில் வாய் பிளந்தது.

"இந்த நடுப் பலகையெல்லாம் எடுங்க. ஒருத்தரால தூக்க முடியாது. என்னாலயும் இனிமே நடக்க முடியாது."

வேறு வழியில்லாமல் இருவரும் தூக்கினார்கள். பலகை கையில் இருக்கும்போதே தம்பி மெல்ல வாய் திறந்தான். "போன வாரம் காய்ச்சல்னு மாத்திரை குடுத்தனுப்பினியே..."

"நானா? நான் குடுக்கலையே. நீதான எனக்கு இந்தச் சட்டை எடுத்த?"

"நான் எங்க எடுத்தேன்?"

பலகையைப் பிடித்தபடியே இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுதான் சொன்னேன்" என்றாள். அதுவரை அடக்கிவைத்த கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நீங்க சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா இந்த வீடு என்னிக்கோ ரெண்டாயிருக்கும்... முதல்ல அந்தப் பலகையைக் கீழ வைங்க. கால்ல விழப்போகுது."

மூன்று பலகைகளும் சுவரோரம் போயின. கைப்பிடியைத் தம்பி வாங்கித் திருப்பிச் சுற்றினான். மேஜை ஏழு அடிக்குச் சுருங்கியது. கணவன் போய் மாமனாரின் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் தோளைத் தொட்டு, "உக்காரு" என்றான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான் கொழுந்தன்.

அவள் முதல்முறையாக அந்த மேஜை முன் உட்கார்ந்தாள்.

"டேய், அந்த உப்பை எடு" என்றான் அண்ணன்.

தம்பி கையை நீட்டிக் கொடுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை.