ஜூனியர் பேலமியின் மூச்சு

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நார்மன் ஹாலிவெல் ஊசியைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தார். முதலில் பழைய இசைத்தட்டுக்கே உரிய கரகரப்பு, சூடான எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்ட மாதிரி ஒரு மெல்லிய பொரிகிற சத்தம். அது எப்போதும் உண்டு. அடுத்ததாக டிரம் விழ வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் விழுந்திருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த இடத்தை அவர் தொடையில் தட்டிக் காட்டிவிடுவார். இன்று கரகரப்புக்கும் டிரம்முக்கும் நடுவில், வாயைத் திறந்து நெஞ்சு நிறைய இழுத்த ஈரமான ஒரு மூச்சு இருந்தது. பாடப் போகிறவன் இழுக்கிற மூச்சு.

"ஊசி தேஞ்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன மாதம்தான் புது ஊசி போட்டிருந்தார்.

டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாய்வதற்குள் இங்கிலாந்தின் ஓல்டம் நகரத் தெருக்களில் விளக்கு எரிந்துவிட்டது. ஓட்டுக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மனைவி கிளெனிஸ் காலமான பிறகு மாடிப் பின்னறையை அவர் முழுக்க இசைத்தட்டுகளுக்கு எழுதிவைத்துவிட்டார். கம்பளத்தைப் பிய்த்துப் போட்டுப் பலகைத் தரையில் முகப்பவுடரைத் தூவி வைத்திருப்பார். தோல் அடி வைத்த செருப்போடு அதன் மேல் வழுக்கிச் சுழன்றால்தான் சோல் பாட்டுக்கு ஆடிய மாதிரி. முழங்கால் இப்போது ஒரு சுழலுக்கு மேல் இடம் கொடுப்பதில்லை. அதற்காகப் பவுடரை நிறுத்துவாரா என்ன.

அமெரிக்கக் கறுப்பர்கள் அறுபதுகளில் பாடி, அங்கே விலைபோகாமல் கிடங்கில் பூசணம் பிடித்த சோல் பாட்டுகள்தான் இந்த மில் ஊர்க்காரர்களுக்கு உயிர். எவ்வளவுக்கு எவ்வளவு தோற்ற பாட்டோ அவ்வளவு மதிப்பு. யாரிடமும் இல்லாத தட்டு ஒன்று கையில் இருந்தால் டிஜே ராஜா. அந்த ராஜாங்கம் போகாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். லேபிள் மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிப் பாடகனுக்குப் பொய்ப்பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவது. போட்டிக்காரன் எட்டிப் பார்த்தாலும் பொய்யைத்தான் தேடி அலைவான்.

நார்மன் சூட்டிய பெயர் ஜூனியர் பேலமி. பேலமி என்பது அவர் படித்த பள்ளிக்கூடத்துச் சமையல்காரரின் பெயர். ஜூனியர் என்பதைக் கம்பீரத்துக்காக அவரே சேர்த்துக்கொண்டார். அந்தச் சமையல்காரர் பெயரைச் சொல்லி ஒரு தலைமுறையே கூச்சல் போட்டு ஆடியிருக்கிறது. உண்மைப் பெயர் உலகத்தில் நார்மன் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த விஷயத்தில் அவருக்கு வெட்கமே கிடையாது.

போன வாரம்தான் அந்த ராஜாங்கத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. பழைய சாமான் கடையில், ஈர அட்டைப் பெட்டிக்குள், கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு நடுவே அதே தட்டின் இன்னொரு பிரதி கிடந்தது. காகிதம் ஒட்டாத நிர்வாணமான லேபிளில் பாடகனின் உண்மையான முழுப்பெயர் பளிச்சென்று இருந்தது. கடைக்காரிக்கு அது என்னவென்று தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் முழங்காலில் வைத்து அழுத்தினார். படக்கென்று உடைவதற்கு முன் அது கொஞ்சம் வளைந்து கொடுத்தது. துண்டுகளைத் தேயிலைச் சக்கையோடு குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். இனி மறுபடி உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான், அவருடையது. நிம்மதியாகத் தூங்கினார்.

கீழே கதவு மணி அடித்தது. ஜெம்மா வந்திருந்தாள். முப்பதைத் தொடாத பெண். மூடப்போகிற நடன அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் ஒரு ஞாயிறு சோல் ஆட்டம் நடத்துகிறவள். இன்றைக்கு நார்மன்தான் கடைசி டிஜே. வாசலிலேயே குடையை உதறியபடி ஆரம்பித்துவிட்டாள்.

"பெருசு, டீ குடுப்பீங்களா, இல்ல அதையும் பேப்பர் ஒட்டி மறைச்சு வெச்சிருக்கீங்களா?"

"சக்கரை எங்க இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் நார்மன்.

சிரித்தாள். ஆனால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"நார்மன், விளையாட்டில்ல. டெட்ராய்ட்லேர்ந்து ஒரு அம்மா எனக்கு எழுதியிருக்காங்க. அவங்க அப்பா ஒரே ஒரு ரெக்கார்டு பாடினாராம். அது ஓடல. மனுஷன் ஒருநாள் வீட்ட விட்டுப் போனவர் போனவர்தான். ஃபோட்டோ கூட இல்லயாம். அவர் குரல ஒரு தடவ கேட்டாப் போதும்கறாங்க. சின்ன வயசுல அவர் பாடிக் காட்டின வரி ஒண்ணு ஞாபகமிருக்காம். 'பேர் சொல்லிக் கூப்பிடு, எங்கருந்தாலும் வருவேன்'னு." அவரையே பார்த்தாள். "அது உங்க பேலமி பாடற வரி."

"அந்த வரி நூறு பாட்டுல வரும்."

"அவர் பேரு ஹோமர் டில்லார்ட்."

நார்மனின் காதுமடல் சூடானது. அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் அவர் கேட்டதே இல்லை. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஒரு பெண்ணுக்கு அப்பன் கிடைத்துவிடுவான். அவருக்கோ, அடுத்த வாரமே அந்தப் பாட்டு எல்லோருடைய ஃபோனிலும் ஓடும். அதற்குப் பிறகு நார்மன் ஹாலிவெல் யார்? முழங்கால் போன ஒரு கிழவன்.

"அவரில்ல" என்றார்.

"பேப்பர உரிச்சுக் காட்டுங்களேன், நம்பறேன்."

"உரிக்கறதுக்கா ஒட்டினேன்?"

"ஆடறவங்கள்ல பாதிப் பேருக்கு இடுப்பெலும்பு மாத்தியாச்சு. நீங்கல்லாம் போனப்புறம் இந்தத் தட்டெல்லாம் ஏலத்துக்குப் போவும், எவனோ பணக்காரன் செவுத்துல மாட்டிக்குவான். என் வயசுப் பசங்களுக்குப் பாட்டு மட்டும் போதாது. பாடினது யாருன்னு தெரியணும். அதுதான் இனிமே இது உயிரோட இருக்கறதுக்கு ஒரே வழி." கோப்பையை வைத்தாள். "பெட்ரோல் போட்டுட்டு வந்து ஹார்ன் அடிக்கறேன். யோசிச்சு வைங்க."

கார் போன சத்தம் அடங்கிய பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. மாடிப்படியில் ஏறும்போது ஒரு வாசனை வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டும், அந்தக் காலத்து ஆண்கள் தலைக்குத் தடவும் வாசனைக் களிம்பும் கலந்த வாசனை. அவர் தலையில் தடவ முடி இருந்த காலம் போய் வருஷக் கணக்காகிறது.

கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டுத் தட்டைப் பெட்டியில் வைக்கலாம் என்று ஊசியை இறக்கினார். கரகரப்பு. அந்த மூச்சு இந்த முறை நீளமாக, அவசரமில்லாமல் வந்தது. டிரம் விழுந்தது, டிரம்பெட்டுகள் எழுந்தன, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பாடகனின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் தேய்ந்துபோய், மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலக் கேட்டது. நார்மன் ஒலியைக் கூட்டினார். டிரம்தான் கூடியது. குரல் கூடவில்லை. காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தக் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வரவே இல்லை, வெளியே படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்று பாடுகிறது என்பதைக் கண்டுகொண்டார்.

தரையைப் பார்த்தார்.

காலையில் தூவிய பவுடர் கதவிலிருந்து மேசை வரை சீராக வெள்ளையாகக் கிடந்தது. அதில் அவருடைய செருப்புத் தடம் இருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. கூர்மூக்கு வைத்த, ஒடுக்கமான சப்பாத்துத் தடம். கதவிலிருந்து உள்ளே வந்திருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

பின்கழுத்தில் மூச்சு பட்டது.

திரும்பத் தைரியம் வரவில்லை. "சரி" என்றார். "சரிய்யா. சொல்லிடறேன். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்." சற்று முன் ஜெம்மா சொன்ன பெயர்தான். தனக்கு மட்டும் தெரிந்த பெயர்தான். வாயைத் திறந்தார். "பேலமி" என்றது வாய்.

அதில்லை. அது சமையல்காரர். இன்னொரு பெயர். நாக்கு நுனியில்தான் இருந்தது, இப்போது இல்லை.

தட்டைப் பிடுங்கி எடுத்தார். காகிதத்தின் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிழித்தார். வந்துவிட்டது. அதற்கடியில் இன்னொரு வெள்ளைக் காகிதம் இருந்தது. அவர் கையெழுத்தில், ஜூனியர் பேலமி. அவர் ஒட்டியது ஒன்றைத்தான். அதையும் கிழித்தார். அடியில் இன்னொன்று. மறுபடி ஒன்று. கிழிசல்கள் பவுடர் மேல் குவிந்தன. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. ஜூனியர் பேலமி. ஜூனியர் பேலமி.

தட்டு கையில் இருந்தது.

பாட்டு நிற்கவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிடு. காதோடு. கெஞ்சல் இல்லை அதில். பேர் சொல்லு.

"தெரியல! நான்... எனக்கு... நான் நா..."

அவர் பெயரும் வரவில்லை. தேடினார். அம்மா கூப்பிட்ட பெயர். கிளெனிஸ் கூப்பிட்ட பெயர். வெள்ளைக் காகிதம். வெறும் வெள்ளை.

தெருவில் ஹார்ன் அடித்தது.

"நார்மன்! வர்றீங்களா, இல்லயா?"

யாரைக் கூப்பிடுகிறாள்?

"வர்றேம்மா" என்றது அவருடைய குரல். அவர் வாய் அசையவில்லை. படியில் யாரோ இறங்கினார்கள். வலது முழங்கால் சொடுக்குகிற சத்தம் கேட்டது. அவருடைய முழங்கால். இசைத்தட்டுப் பெட்டியின் மூடி அவர் தலைக்கு மேலே சாத்திக்கொண்டது. உள்ளே இருட்டு. அட்டை வாசனை. அவர் எவ்வளவு கத்தியும் சத்தம் வரவில்லை.

கார் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே, வெகு தூரத்தில், பேச்சு.

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். டெட்ராய்ட்ல இருக்கற பொண்ணோட நம்பரக் குடும்மா. நானே பேசிக்கறேன்."

"நிஜமாவா? நார்மன், நீங்க தங்கம்!"

பிறகு வெளிச்சம். நடன அரங்கத்துத் தகரக் கூரையைத் தட்டும் மழை. வியர்வை, பவுடர், வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் வாசனை. மாற்றிய இடுப்புகளோடு அவர் வயதுக்காரர்கள், அவர்களுக்கு நடுவே ஜெம்மா வயதுப் பிள்ளைகள், வெள்ளைத் தரை முழுக்கக் காத்து நின்றார்கள். எல்லோரையும் அவருக்குத் தெரியும். கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுழன்றுகொண்டிருந்தார்.

ஊசி இறங்கியது. நெஞ்சைக் கீறிக்கொண்டு கரகரப்பு தொடங்கியது. டிரம்முக்கு முன்னால் ஒரு சின்ன இடம் உண்டு என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் உதவிக்குக் கூப்பிட்டுவிடலாம். வாயைத் திறந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். டிரம் விழுந்தது. பாட்டு வந்தது, பாட்டு மட்டும்தான் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிடு, எங்கருந்தாலும் வருவேன்.

"பேலமி!" என்று அரங்கமே கைதட்டி அலறியது.

மேலே, டிஜே மேசையில், நார்மன் ஹாலிவெல்லின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவர் குனிந்தார். லேபிள் மேல் புதிதாக ஒட்டிய வெள்ளைக் காகிதத்தின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. தட்டு சுற்றச் சுற்றவே கட்டைவிரலை நாக்கில் ஈரம் செய்து, அந்த ஓரத்தை மெதுவாக அழுத்தி ஒட்டினார்.