ஜாடிக்குப் போகாத வயர்

எலக்ட்ரீஷியன் அக்கா கதவைத் தட்டியபோது டெஸ்டர் சார் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்துக்கும் அவரே ஆள். மின் ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பெயர் வந்தது அப்படித்தான்.

"சார், என் வயித்துல அடிச்சிட்டாங்க."

"உட்காரும்மா. கருப்பு ராஜா எங்கயும் ஓடிட மாட்டார். மெதுவாச் சொல்லு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். கப்பல்காரர் வீடு விஷயம். கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்த பெரியவர். மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் சிநேகிதர் ஒருவரோடு தினமும் மாலை ஆறு மணிக்குப் பேசுவார். பழைய வீடு, இடியை மண்ணுக்குள் இறக்கும் எர்த் என்பதே கிடையாது. இரண்டு மாதம் முன்பு அவள்தான் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, ஆன்டெனாவிலிருந்து செம்புக் கம்பியை இழுத்து முடுக்கினாள். நாலு நாள் முன்பு இடி விழுந்தது. ரேடியோ கருகிவிட்டது. போய்ப் பார்த்தால் கம்பி குழாயில் இல்லை, தொங்குகிறது.

"நான் முடுக்கவே இல்லைன்னு அவர் பொண்ணு தெரு முழுக்கச் சொல்லிடுச்சு. பள்ளிக்கூட வயரிங் வேலை எனக்குத்தான்னு இருந்தது. இப்ப பெரிய டீச்சர், 'நாளைக்குள்ள பதில் சொல்லு, இல்லைன்னா வேற ஆள்'ங்கறாங்க. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்கக் காத்திருந்தவங்களுக்கு நல்ல சாக்கு."

டெஸ்டர் சார் செருப்பை மாட்டினார்.

கப்பல்காரரின் மகள் அடுத்த தெரு. தகவல் எட்டி, அவர்களுக்கு முன்பே அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பரிஞ்சு பேச ஆள் கூட்டிட்டு வந்துட்டியா? அன்னிக்கு அதிசயமா அப்பா சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தாரோ, பிழைச்சாரோ!"

"அடிக்கடி வருவாராம்மா?"

"எங்க? வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா பெரிசு."

கொல்லையில் எர்த் குழி. டெஸ்டர் சார் முட்டி மடக்கி உட்கார்ந்தார். கம்பியின் நுனி கரி போலக் கறுத்திருந்தது. பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவு தீய்ந்த அடையாளம். குழாயில் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய பிடிப்பட்டையில் மட்டும் கறுப்பே இல்லை. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கோடு.

"இது என்னம்மா?"

எலக்ட்ரீஷியன் அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. "நகப்பூச்சு சார். நட்டை முடுக்கினதும் நட்டுக்கும் பட்டைக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துடுவேன். தளர்ந்தா கோடு விலகிடும், பார்த்ததும் தெரியும்."

"அப்ப மீதிக் கோடு நட்டுல இருக்கணும். நட்டு எங்க?"

குழிக்குள் இல்லை, புல்லிலும் இல்லை. "செம்புத் திருடன் சார்!" என்றாள் ஆவலோடு.

"செம்பை விட்டுட்டு நட்டை மட்டும் கொண்டுபோற திருடனா? பாவம், தொழிலுக்குப் புதுசு போல."

ரேடியோ அறை மாடியில் இருந்தது. கப்பல்காரர் ஒற்றை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வேறு நாற்காலி இல்லை. அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள். திருகாணி தனி, வாஷர் தனி, நட்டு தனி. ஜன்னலை ஒட்டிய மேசையில் கருகிய ரேடியோ, ஒரு தடித்த நோட்டு, காலியான ஊறுகாய் ஜாடி.

"இந்த ஜாடி எதுக்கு?"

பதில் மகளிடமிருந்து வந்தது. "தூரத்துல லேசா உறுமினாலே போதும், அப்பா ஆன்டெனா வயரைப் பிடுங்கி அதுக்குள்ள போட்டுடுவார், இடி ரேடியோவுக்குத் தாவாதாம். சின்ன வயசுல எங்களை அந்த ஜாடியைத் தொடக்கூட விடமாட்டார்."

அன்று வயர் ஜாடிக்குப் போகவில்லை. ரேடியோவின் பின்புறத்தில் உருகி ஒட்டியிருந்தது.

"சிநேகிதரோட கடைசியா எப்பப் பேசினீங்க ஐயா?"

"இடிக்கு முந்தின நாள்."

டெஸ்டர் சார் நோட்டைப் புரட்டினார். அவர் தோளுக்கு மேலாக எலக்ட்ரீஷியன் அக்காவும் எட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், பேசிய சேதி. கடைசி இருபது நாட்களுக்கு மட்டும் 'மாலை ஆறு' என்று எழுதி, எதிரே சேதிக்குப் பதில் வெறும் கோடு. அவள் நிமிர்ந்தாள். எதிரே நட்டுப் புட்டி. உள்ளே ஒரு நட்டின் விளிம்பில் சிவப்பு.

"சார்..." என்றாள். விரல் புட்டியைக் காட்டியது.

டெஸ்டர் சார் நோட்டை மூடினார். "இந்தம்மா நல்லா முடுக்கியிருக்காங்க. பட்டையில பாதிக் கோடு, அந்தப் புட்டியில மீதி. இடி விழுந்தப்ப கம்பி பட்டையில இருந்திருந்தா பட்டை சுத்தமா இருக்கும், சரி. ஆனா கம்பி நுனி கருகாது, சுவரும் தீயாது. ஆக, முன்னாடியே கழட்டியாச்சு. கழட்டினவர் ஒரு நட்டைக்கூடத் தூக்கி எறிய மனசு வராதவர். மேகம் கட்டினதும் வயரை ஜாடியில போடாம, வருஷத்துக்கு ஒரு தடவை போற வீட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டார்."

"அப்பாவா? அவர் உயிரே அந்த ரேடியோதானே!" என்றாள் மகள்.

கப்பல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இடிக்கு முன்னாடி இருபது நாளா அவன் வரலை. தினம் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். அவனுக்கும் என் வயசுதான், நெஞ்சு வலி வேற. ரேடியோ கெட்டுப்போச்சுன்னா... அவன் பேசிட்டுத்தான் இருக்கான், எனக்குத்தான் கேட்கலைன்னு இருந்துடலாம் இல்லையா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு மேல பழி விழும்னு நான் நினைக்கலைம்மா. விழுந்தப்புறம் வாயைத் திறக்கத் தைரியம் வரலை. தெருவே, ஏன் கழட்டினேன்னு கேட்குமே. அவன் வரலைங்கறதை என் வாயால சொல்லணுமே." அவர் எலக்ட்ரீஷியன் அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு நானே வர்றேன். பெரிய டீச்சர்கிட்ட நானே சொல்றேன்."

"நானும் வர்றேன். தெரு முழுக்கச் சொன்ன வாய் இதுதானே," என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

எலக்ட்ரீஷியன் அக்காவுக்குக் கோபம் வரவேண்டும்தான். வரவில்லை. புட்டியிலிருந்து நட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கம்பியின் கருகிய நுனியை வெட்டி, உரசி, பட்டையில் வைத்து முடுக்கினாள். பையிலிருந்த நகப்பூச்சால் புதிதாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஐயா, குழியில தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க," என்று கீழிருந்தே குரல் கொடுத்தாள். "காய்ஞ்சா எர்த் வேலை செய்யாது. ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்ப்பேன்!"

"ரேடியோவே இல்லையேம்மா."

"ஆன்டெனாக் கம்பம் மேல நிக்குதே ஐயா, இடி அதைத் தேடித்தானே வரும்."

டெஸ்டர் சார் தயங்கித் தயங்கி, சதுரங்கம் தெரியுமா என்று பெரியவரைக் கேட்டுக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. எங்கோ கடிகாரம் ஆறு அடித்தது, சிநேகிதரைக் கூப்பிடும் நேரம். அவள் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். கப்பல்காரர் உருகிப்போன வயரை ரேடியோவிலிருந்து மெல்ல விடுவித்து, நுனியை ஜாடிக்குள் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.