பெரும்புலவர் திருத்திய பாட்டு

மேல்வானத்துச் செவ்வொளி முற்றும் மறையுமுன்னரே கீழ்வானில் முழுமதி எழுந்து, வெள்ளாற்றின் மணற்பரப்பையும் அதன் தென்கரையில் ஓங்கி நின்ற நெடுவரைக் கோட்டையின் மதில்களையும் பால்நிறமாக்கிக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், கோட்டையின் கொலு மண்டபத்தில் வெற்றி விழா நடந்துகொண்டிருந்தது. அன்பார்ந்த வாசகர்களே, அம்மண்டபத்தில் நகைமுகம் காட்டாதிருந்தவள் ஒருத்திதான். அவள் சிற்றரசர் செருவிடை வேளின் ஒரே புதல்வி அரிஞ்சிகை.

அவையிலே பழம்பாடல்களே ஒலிக்க, அரிஞ்சிகையோ தன் காலத்துக் கவிகளைத் தேடித் திரிந்தாள், தானும் எழுதினாள். பத்து நாட்களுக்கு முன், போரில் காயமுற்றோரைக் காணச் சென்றவள், ஒரு வீரன் முணுமுணுத்த பாட்டைக் கேட்டு மெய்சிலிர்த்து நின்றாள். "யார் பாடியதோ, தேவி! பாசறையில் எல்லார் வாயிலும் இருக்கிறது" என்றான் அவன். அதை ஓலையில் எழுதி, அவையில் படிக்கும்படி பெரும்புலவர் பாலையூர்க் கிழாரிடம் நம்பிக் கொடுத்திருந்தாள்.

பெரும்புலவர் இப்போது எழுந்தார். "அடியேன் இயற்றிய புதுப்பாட்டு, வேந்தே!" என்று சொல்லித் தொடங்கினார். இரண்டு அடிகள் சென்றதும் அரிஞ்சிகைக்கு இரத்தம் கொதித்தது.

"முந்நூறு பேரும் முகமலர்ந்து பாய்ந்தனர்,
மன்னவன் புகழே பெரிதென மகிழ்ந்தே!"

"நிறுத்துங்கள்!"

யாழும் முழவும் ஓய்ந்தன. அரிஞ்சிகை ஆசனத்தைவிட்டு எழுந்திருந்தாள்.

"திருடியதைக்கூடப் பொறுப்பேன், பெரும்புலவரே. செத்தவர்களைச் சிரிக்க வைத்தீரே, அதைப் பொறுக்க மாட்டேன்! அவையோரே, உண்மைப் பாட்டு இது:

வெள்ளம் வடியட்டும் என்றனர் வீரர்;
வெற்றி பொறாதென விரட்டினன் வேந்தன்;
முந்நூறு பேரை விழுங்கிய ஆறு
இந்நாள் தெளிந்து முழங்கால் அளவே."

வேளின் முகம் சிவந்தது. "என் சபையில் என்னையே பழிக்கும் அந்தத் துரோகி யார்? பெயரைச் சொல்!"

"அறியேன், தந்தையே. அறிந்திருந்தாலும் சொல்லேன். ஓலையில் எழுதியவள் நான். தண்டனையும் எனக்கே ஆகட்டும்."

"இளவரசிக்குத் தண்டனை வேண்டாம். பாடியவன் நான்" என்றது ஒரு குரல்.

முன்வந்தவன் படைத்தலைவன் விடங்கன்! வெள்ளத்தில் இறங்கும்படி படை முழுவதற்கும் ஆணையிட்டவன். அரிஞ்சிகையைக் காதலித்தவன்; அந்த ஆணைக்குப் பின் அவன் முகம் பார்த்துப் பேசவும் அவள் மறுத்திருந்தாள். எவனை வெறுத்தாளோ அவனுடைய சொற்களையா இத்தனை நாள் நெஞ்சில் சுமந்தாள்!

"வேந்தர் விரட்டினார், நான் பணிந்தேன். மறுத்திருக்க வேண்டும், தேவி. மறுக்காத வாய்தான் பிறகு பாடியது."

"பிடியுங்கள் அவனை!" என்று வேள் முழங்கினார். காவலர் ஒருவரும் அசையவில்லை. அவர்களில் பாதிப்பேர் அந்த ஆற்றிலிருந்து தப்பிக் கரையேறியவர்கள்.

அரிஞ்சிகை விடங்கனை நேருக்கு நேர் நோக்கினாள். அவள் விழிகளில் நீர் இருந்தது. ஆனால் சினம் தணியவில்லை.

"பாட்டுக்காக உம்மை வணங்குகிறேன். அந்த ஆணைக்காக உம்மை மன்னிக்க மாட்டேன்."

பிறகு அவையை நோக்கித் திரும்பினாள். "இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தந்தையார் நடுகல் நாட்டும் வரை இவ்வரண்மனைச் சோற்றை உண்ணேன். முந்நூறு வீட்டு வாசலிலும் நின்று இப்பாட்டைச் சொல்வேன். இது என் குலதெய்வத்தின் மேல் ஆணை! படைத்தலைவரே, நீரும் உடன் வருவீர். பாடியவர் இவர், இறங்கச் சொன்னவரும் இவரே என்று காட்டுவேன். அந்தத் தாய்மார் என்ன ஏசினாலும் நின்று கேட்பீர்."

விடங்கன் இடைவாளை அவிழ்த்து வேளின் காலடியில் வைத்துவிட்டு, அவளைத் தொடர்ந்து நடந்தான்.