மிக்சர் கேட்ட சட்டை

மிக்சரின் கழுத்துப் பட்டையில் இருந்த மோப்பமானி ஒருமுறை பச்சையாகச் சிமிட்டியது. சமையலறைச் சுவரில் முடிவு வந்தது.

தேடல் மணம்: மனிதர். ஆண். இந்த வீட்டில் வசிப்பவர் அல்ல.

நிதிலன் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான்.

"என்ன வந்திருக்கு? கோழி ஈரலா?" ஹாலில் இருந்து மனைவி சம்யுக்தா குரல் கொடுத்தாள்.

"இல்ல. ஒரு ஆம்பளை."

2061-ல் நாய்க்கு என்ன வைக்கலாம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. நாயிடமே கேட்டுவிடுகிறார்கள். கிழட்டு நாய்க்குப் பசி வயிற்றில் இல்லை, மூக்கில். மூக்கு மங்கினால், வெள்ளித் தட்டில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மோப்பமானி நாயின் மூளைக்குள் ஓடும் வாசனை நினைவுகளை ஒட்டுக்கேட்டு, அது படுத்த படுக்கையில் எந்த மணத்துக்காக ஏங்குகிறது என்று சொல்லிவிடும். அடுப்பு மேடையில் இருக்கும் கலவைப்பானை அந்த மணத்தை ஆவியாக்கிக் கஞ்சியில் ஏற்றும். அவ்வளவுதான். எழுந்து வந்து நக்கும்.

பெரும்பாலான நாய்கள் கருவாடு கேட்டன. ஆட்டு நுரையீரல் கேட்டன. எதிர் ஃபிளாட் பொமரேனியன் கற்பூரம் கேட்டபோது பீளமேடு முழுக்கச் சிரித்தது. நூற்றில் ஒன்று மட்டும் மனிதரைக் கேட்கும். அப்போது யாரும் சிரிப்பதில்லை.

சம்யுக்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சுவரைப் பார்த்தாள். பிறகு, தரையில் படுத்திருந்த மிக்சரைப் பார்த்தாள். பதினான்கு வயது. அப்பா ராஜபாளையம், அம்மா யாரென்று தெரியாது, அதனால் மிக்சர். ஐந்து நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.

யார் என்று இருவருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

"பிரணவ்," என்றாள்.

அவளுடைய முதல் கணவன். மிக்சரைக் குட்டியாகத் தூக்கி வந்தவன், பெயர் வைத்தவன், விவாகரத்தின்போது நாயை அவளிடமே விட்டுவிட்டுப் போனவன்.

நிதிலனுக்குக் காது மடல் சூடானது. ஆறு வருஷம்! காலையும் மாலையும் நடைக்குக் கூட்டிப் போனவன் யார்? மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்தவன் யார்? தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தபோது பாத்ரூமில் உட்கார்ந்து அதன் காதைப் பொத்தியவன் யார்?

"இந்த மெஷின் தப்பாச் சொல்லுது."

"டாக்டர் ஜெசிந்தா காலைல என்ன சொன்னாங்க? எடை பதினஞ்சு கிலோவுக்குக் கீழ போனா கிட்னி கைவிட்டுரும்னாங்க. இப்ப பதினஞ்சே கால். மெஷின்கூடச் சண்டை போட நேரமில்ல, நிதி."

"என் வாசனைய வெச்சுப் பார்ப்போம்."

"அவன் கேட்டது உன்னை இல்லியே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவன் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கலவைப்பானையின் துணி அறைக்குள் திணித்தான். மனித மணத்தைச் செயற்கையாகச் செய்வதற்கு உடல்மணச் சட்டத்தில் அனுமதியில்லை. ஒரு ஜவுளிக்கடை பச்சைக்குழந்தைத் தலையின் வாசனையைக் குழாயில் பரப்பி, தாய்மார்களை மூட்டை மூட்டையாக வாங்க வைத்த பிறகு வந்த சட்டம். மணத்துக்கு உரியவர் சம்மதித்து, தானே போட்டுக் கழற்றிய துணி வேண்டும். ஏழு நாள் தாங்கும். அதற்குப் பிறகு துணி அறை அதை வாங்காது.

கஞ்சி தயாரானது. மிக்சர் ஒரு கண்ணைத் திறந்தது. நிதிலனைப் பார்த்து வாலை ஒரு தட்டு தட்டியது. மரியாதைக்கு. கண்ணை மூடிக்கொண்டது.

"நான் போய் அவர்கிட்ட ஒரு சட்டை வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள் சம்யுக்தா.

"நீயா? வேண்டாம்." அவன் குரல் அவனுக்கே உரக்கக் கேட்டது. "நானே போறேன்."

சரவணம்பட்டியில் பிரணவின் பூப்பந்துக் கூடம். அவனுக்கு நாற்பத்தைந்து வயதிலும் தொப்பையில்லை. அதுவே நிதிலனுக்கு முதல் அடி.

"வாங்க பாஸ், உக்காருங்க. போன்ல மிக்சருக்கு உடம்பு சரியில்லன்னீங்களே, என்ன?"

நிதிலன் விஷயத்தைச் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி பாதியாக. பிரணவ் கேட்டு முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"அடப்பாவி! இன்னுமா என்னை ஞாபகம் வெச்சிருக்கான்?" அவன் கண் ஒரு கணம் கலங்கியது. அடுத்த கணமே கேலி வந்துவிட்டது. "காலைல ஆடினது ஒண்ணு இருக்கு, இப்பப் போட்டிருக்கறது ஒண்ணு இருக்கு. எதுங்க வேணும்? எது டேஸ்ட்டுன்னு தெரியலியே."

"எதுவானாலும் சரிங்க."

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. சம்யு எப்படி இருக்கா?"

"சம்யுக்தா நல்லா இருக்காங்க," என்றான் நிதிலன், முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக.

அன்று மாலை ஆறு மணிக்குக் கலவைப்பானை ஆவி விட்டது. மிக்சரின் மூக்கு முதலில் எழுந்தது. பிறகு தலை. பிறகு, நான்கு கால்களும் நடுங்க நடுங்க, மொத்த நாயும். கிண்ணம் தரையில் உரசும் அளவுக்கு நக்கித் தீர்த்தது.

சம்யுக்தா அழுதாள். நிதிலனும் அழுதான். இரண்டும் வேறு வேறு அழுகை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சரவணம்பட்டி. பிரணவ் சட்டையை மடித்து, பையில் போட்டுத் தயாராக வைத்திருப்பான். சில நாள் காப்பி கொடுப்பான். நிதிலன் குடிக்க மாட்டான். எடை பதினாறு ஆனது. பதினேழானது.

மூன்றாவது வாரம் நிதிலன் ஒன்றைக் கவனித்தான். கலவைப்பானை ஆவி விடும் நேரம் பார்த்து, சம்யுக்தாவுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

"வாசனை வருதா?"

"மனுஷ மூக்குக்குத் தெரியாதுன்னு கையேட்டுல போட்டிருக்கே."

"கண்ணை மூடின."

"வெங்காயம் உரிச்சுட்டு இருக்கேன், நிதி. நீ வேணா மூடாம உரி பார்ப்போம்."

நியாயமான பதில்தான். நியாயம் யாருக்கு வேண்டும்? அன்றிலிருந்து ஒரு புதுச் சட்டம் போட்டான். கிண்ணத்தை அவன்தான் பிடிப்பான். ஆவி அடங்கும் வரை சம்யுக்தா ஹாலில் இருக்க வேண்டும். காலை ஏழு, மாலை ஆறு. குனிந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எவனுடைய சட்டையிலோ வெந்த கஞ்சியைத் தன் நாய் ஆவலாகச் சாப்பிடுவதை அவன் பார்த்துக்கொண்டே நிற்பான். கழுத்தில் வேர்க்கும். அக்குளில் வேர்க்கும். மின்விசிறி சுழலும்போதே முதுகு நனையும். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் சொட்டும்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஆறு மாதம்.

ஏழாவது மாதத்து முதல் ஞாயிறு பிரணவ் சட்டையோடு ஒரு கவரும் நீட்டினான்.

"கல்யாணம் பாஸ். கூடத்துல கோச்சா இருக்காங்களே, ரோஷிணி, அவங்கதான். முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் ஆக்லாந்து போறோம். அங்க ஒரு கூடம் பார்த்திருக்கோம். சட்டை அனுப்ப முடியுமான்னு தெரியல..."

"அதப்பத்திக் கவலைப்படாதீங்க!" நிதிலன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிக்கொண்டே இருந்தான். ஆறு மாதத்தில் முதன்முறையாகக் காப்பி குடித்தான். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினான். "நல்ல மனுஷங்க நீங்க," என்றான். நிஜமாகவே அப்படித் தோன்றியது. ஒரு விரோதி ஆக்லாந்து போகிறான் என்றால் எவ்வளவு நல்லவனாகத் தெரிகிறான்!

வீட்டுக்கு வந்து, புதுச் சட்டையைத் துணி அறையில் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கிண்ணத்தைப் பிடித்தான். சம்யுக்தாவை ஹாலுக்கு அனுப்பக்கூட இல்லை.

மிக்சர் முகர்ந்தது. நிதிலனை அண்ணாந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளும் அதேதான். செவ்வாய்க்கிழமை எழவில்லை. மோப்பமானியை மறுபடி ஓடவிட்டார்கள்.

தேடல் மணம்: மனிதர். ஆண். இந்த வீட்டில் வசிப்பவர்.

நிதிலன் குதித்த குதியில் கீழ் ஃபிளாட்டில் இருந்து ஜன்னல் வழியாகக் கத்தினார்கள்.

"பார்த்தியா? நான்! என்னைக் கேட்கறான்! ஜெயிச்சுட்டேன் சம்யு!"

"சட்டையக் கழட்டு, சீக்கிரம்," என்றாள் அவளும் சிரித்தபடி.

சட்டை உள்ளே போனது. கஞ்சி வந்தது. மிக்சர் முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. அப்படியே படுத்துக்கொண்டது.

டாக்டர் ஜெசிந்தா வீட்டுக்கே வந்துவிட்டார். மோப்பமானியின் ஆறு மாதப் பதிவையும் நிதிலனின் சட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். புருவம் ஏறியது.

"ஆள் நீங்கதான். ஆனா இந்தச் சட்டை இல்ல. போன வாரம் போட்டுத் துவைக்காத சட்டை ஏதாவது இருக்கா?"

அழுக்குக் கூடையின் அடியிலிருந்து சம்யுக்தா ஒன்றை இழுத்தாள். சனிக்கிழமைச் சட்டை. அதைத் துணி அறையில் போட்டுக் கஞ்சி செய்ததும் மிக்சர் தவழ்ந்து வந்து பாதிக் கிண்ணம் தின்றது.

"என்ன வித்தியாசம் டாக்டர்? ரெண்டும் என் சட்டைதானே?"

"சனிக்கிழமைச் சட்டைல ஒரு சுரப்பு கூடுதலா இருக்கு. மன அழுத்தத்துல வர்ற வேர்வை. அதுலயும் ஒரு தனி ரகம். நாங்க ரிப்போர்ட்ல 'போட்டி வேர்வை'ன்னு எழுதுவோம்."

"அப்படின்னா?"

"பொறாமைங்க."

நிதிலன் தன் அக்குளை முகர்ந்து பார்த்தான்.

"ஆறு மாசமா இவன் ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் கிண்ணத்தைப் பிடிச்சது யாரு?" என்றார் டாக்டர். "கஞ்சில எந்த வாசனைய வேணா ஏத்துங்க. இவன் மூக்குக்குப் பக்கத்துல கொட்டினது உங்க வேர்வை. சாப்பாடுன்னா அதுதான்னு மனசுல பதிச்சுக்கிட்டான். இந்த வயசுல இனிமே மாத்த முடியாது. செயற்கையாச் செய்யவும் சட்டம் இடம் கொடுக்காது." பையை மூடினார். "அந்தச் சட்டை சனிக்கிழமை வரைக்கும் வரும். அதுக்குள்ள நீங்க... ஏதாவது பண்ணுங்க."

ஏதாவது பண்ணினார்கள். மாடிப்படி ஏறி இறங்கி வேர்த்துப் பார்த்தான். பலிக்கவில்லை. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டான். அலுவலகத்தில் தனக்குப் பிறகு சேர்ந்து தனக்கு முன்னால் பதவி உயர்ந்தவனை நினைத்தான். மிக்சர் காதை மட்டும் அசைத்தது. பிரணவின் புகைப்படத்தை உற்றுப் பார்த்தான். பக்கத்தில் ரோஷிணி பல் தெரியச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்புதான் வந்தது.

சனிக்கிழமை மாலை ஆறு. எடை மறுபடி பதினஞ்சரை. சட்டைக்கு ஏழு நாள் முடிந்து, துணி அறை அதை வெளியே தள்ளிவிட்டது.

"சம்யு," என்றான், கிண்ணத்தோடு குந்தியபடி. "நீதான் சொல்லணும்."

"என்ன சொல்ல?"

"நீயும் பிரணவும். ஏதாவது. நான் கேட்கக்கூடாதுன்னு நினைச்சுச் சொல்லாம விட்டது."

அவள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தாள். ஏற்காடு மழையில் ஒரு ஓட்டல் அறையில் மின்சாரம் போன கதையைச் சொன்னாள். நிதிலனின் கழுத்தில் முதல் வேர்வை முத்து அரும்பியது. மிக்சர் எழுந்து வந்தது.

ஞாயிறு காலை, முதல் கல்யாண நாளுக்குப் பிரணவ் எழுதின கடிதம். மாலை, அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவன் தலை துவட்டிவிட்டது. கிண்ணம் காலியானது. எடை ஏறியது. சம்யுக்தா ஆறு வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததெல்லாம், நாளுக்கு இரண்டு வேளை, கஞ்சி ஆறுவதற்குள் வெளியே வந்தது.

ஆனால் எந்தக் கதைக்கும் இரண்டு தடவைதான் ஆயுள். மூன்றாவது தடவை ஏற்காட்டு மழையில் நிதிலன் கொட்டாவி விட்டான். மிக்சர் கிண்ணத்தை மூக்கால் தள்ளிவிட்டது. ஒன்றரை மாதத்தில் கல்யாணம், தேனிலவு, சண்டை, சமாதானம் எல்லாம் தீர்ந்தன. இரண்டு நாளாக மிக்சர் எதையும் தொடவில்லை.

"வேற இல்லியா?"

"கல்யாணமே நாலு வருஷம்தான் நிதி. எவ்வளவுதான் இருக்கும்?"

மிக்சரின் விலா எலும்புகள் மறுபடி எண்ணும்படி தெரிந்தன. சம்யுக்தா அதன் தலையைத் தடவினாள். பிறகு மேடையில் ஏறாமல், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்.

"எங்க ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார். ஹர்ஷன்னு பேரு."

நிதிலனின் கை கிண்ணத்தில் இறுகியது.

"நேத்து லிஃப்ட்ல வர்றப்ப, என் தோடு நல்லா இருக்குன்னார்."

மிக்சர் தலையைத் தூக்கியது.

"எந்தத் தோடு?"

"நீ வாங்கிக் கொடுத்ததுதான். ஆனா நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. இன்னிக்கு மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம்."

அவன் நெற்றியில், மேலுதட்டில், கழுத்தில் ஒரே சமயத்தில் வேர்த்தது. மிக்சர் எழுந்து, வேகமாக வந்து, குட்டி நாய் மாதிரி கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தது.

"சம்யு, இது நெசமா? நாய்க்காகச் சொல்றியா?"

அவள் திரும்பவில்லை.

"சாப்பிடுறான் பாரு," என்றாள். "கிண்ணத்தை ஆட்டாமப் பிடி."