நிற்கும்போது மட்டும் வரும் சத்தம்

வண்டி பட்டறைக்குள் நுழையும் சத்தத்திலேயே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவான் என்று மெக்கானிக்குக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அன்று மத்தியானம் வந்த பழைய கார் அந்தப் பெயரைக் கெடுக்கவே வந்தது போலிருந்தது. வாசல் மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஒரு முனகல்கூட இல்லாமல் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். கணவர் போன பிறகு பெரிய வீட்டில் ஒண்டியாக இருக்கிறவர்.

"முன்பக்கம் கிறீச் கிறீச்சுனு ஒரு சத்தம் வருது தம்பி."

"மேடு ஏறும்போதா, ஸ்டியரிங் திருப்பும்போதா டீச்சர்?"

"ஓட்டும்போது வராது. நிக்கும்போதுதான் வரும்."

அவன் சிரித்துவிட்டான். டீச்சர் சிரிக்கவில்லை.

பொழுது சாய்ந்தால், போர்ட்டிகோவில் பூட்டி நிற்கும் காரில் யாரோ ஏறி உட்காருவது போல ஒரு கிறீச். கொஞ்ச நேரத்தில் இறங்குவது போல இன்னொன்று. அந்த இரண்டாவது சத்தம் கேட்டதும் டீச்சர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாராம். விடிந்த பிறகுதான் திறப்பாராம்.

"சார் நெனப்பா இருக்கும் டீச்சர். தனியா இருந்தா மனசு அப்படித்தான்."

"அவரா இருந்தா நான் ஏன் பயப்படப் போறேன்? அவர் இருக்கும்போதே இந்தச் சத்தம் உண்டு. அவரும் சேர்ந்துதான் தாழ்ப்பாள் போடுவாரு."

அவன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான்.

"மக வந்துடு வந்துடுன்னு கூப்பிடுறா. அங்க எனக்கு ஒரு மூலைதான். என் வீடு என் வீடுதானே? கோளாறு வண்டியிலதான்னு நீங்க சொன்னா நிம்மதியா இங்கயே இருந்துக்குவேன். வண்டியில இல்லேன்னா நாளைக்கே கிளம்பிடுறேன். நீங்க சொல்றதுதான் தம்பி."

சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போனார்.

மெக்கானிக் காரைக் குழிக்கு மேலே நிறுத்தினான். சக்கரங்கள் இரண்டு பக்கமும் தரையில் நிற்க, நடுவில் கழுத்தளவுக் குழியில் அவன் இறங்கி நின்றான். கிறீச் சத்தம் தேடுவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் மேலே நின்று பானெட்டை அமுக்கி அமுக்கி விட வேண்டும். மற்றவன் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். காது பொய் சொல்லும், கை சொல்லாது. சத்தம் போடுகிற ரப்பரில் தண்ணீர் பீய்ச்சினால் வாயை மூடிக்கொள்ளும். ஆளைப் பிடித்தாயிற்று.

இருபது வருஷம் மேலே நின்று அமுக்கியவன் அவன் தம்பி, சின்னவன். கல்யாணமாகி, மாமனார் ஊரில் சொந்தப் பட்டறை போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு இந்தப் பட்டறையில் பேச்சுத் துணைக்கு ரேடியோதான். அதுவும் பாதி நாள் கரகரக்கும்.

பழக்கதோஷம் யாரை விட்டது? சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் மேல் கையை வைத்ததும் வாய் தானாகச் சொன்னது:

"அமுக்குடா."

கார் அமுங்கியது.

கிறீச்.

"இன்னொரு தடவ."

கிறீச். விரல் நுனியில் இணைப்பின் ரப்பர் புஷ் அதிர்ந்தது. தண்ணீர் பீய்ச்சினான்.

"ம், இப்ப அமுக்கு."

கார் அமுங்கியது. சத்தம் இல்லை. திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். இவ்வளவு நாள் கழித்துச் சின்னவன் மேலே வந்து நிற்கிறான் என்று அந்த ஒரு கணம் மனசு நிறைந்துபோனது.

"போதும்டா, விடு."

பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மெல்லத் திரும்பி, காருக்கும் தரைக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான்.

கால்கள் இல்லை.

பட்டறையில் கிரீஸ் வாசனையும் தெருவில் யாரோ போகிற சைக்கிள் மணியும்தான்.

"யாரு?" என்றான்.

கார் மறுபடி அமுங்கியது. இந்தத் தடவை அவன் அமுக்கச் சொல்லவில்லை. அது நிதானமாக, பாரமாக, அவன் தலைமுடியில் இரும்பு உரசும்வரை இறங்கி, அப்படியே நின்றது. வேலை முடிந்ததா என்று கேட்பது போலிருந்தது. அவன் குழிக்குள் குனிந்து உட்கார்ந்தான்.

வெகு நேரம் கழித்து அது எழுந்தது.

புஷ்ஷை மாற்றத்தான் மாற்றினான். காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து மாற்றினான். கையில் வந்த ரப்பர் நிஜமாகவே வெடித்துக் கிடந்தது. டீச்சர் வந்தபோது அதைத்தான் எடுத்து நீட்டினான். உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. பேய் பிடித்த வண்டி என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அப்புறம் யார் வண்டி விடுவார்கள்? ஊர் சிரிக்கும். பயத்தைவிட வெட்கம் பெரிதாகிவிட்டது.

"புஷ்தான் டீச்சர். வேற ஒண்ணுமில்ல."

டீச்சர் அந்த ரப்பர் துண்டை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மகளுக்கு இப்பவே சொல்லிடுறேன்" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் அவனுடைய போன் அடித்தது.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும். சத்தமே இல்ல. எல்லாக் கதவையும் திறந்து வெச்சுட்டு ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேன். எத்தன நாளாச்சு தெரியுமா?"

"சந்தோஷம் டீச்சர்."

"ஒரே ஒரு சந்தேகம். வண்டி முன்பக்கம் ஒரு ஓரமா கொஞ்சம் அமுங்கி நிக்குதே. புது புஷ் போட்டா அப்படித்தானா?"

பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது என்பார்கள். கட்டியிருந்த மணியை அவன் கழற்றி எறிந்திருந்தான்.

"டீச்சர், எழுந்திருங்க. ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள்..."

"இருங்க, இருங்க." டீச்சர் குரலில் சிரிப்பு. "ஒண்ணுமில்ல தம்பி. இதோ, நிமிந்துடுச்சு."